ஆற்றின் பங்கு: காவிரி நீர்க் கணக்கும் உலகப் பொதுத் தரவுகளும்

முன்னுரை

காவிரி நீர்ப் பங்கீடு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மாநிலங்களுக்கிடையேயான உரிமைச் சிக்கலாகவே அதனை அணுகி வந்துள்ளன. எந்த மாநிலத்திற்கு எவ்வளவு நீர் என்பதே அவற்றின் மையக் கேள்வி. ஆற்றுக்கு எவ்வளவு நீர் என்னும் கேள்வி மிகப் பிற்பட்ட காலத்திலேயே எழுந்தது. ஓர் ஆறு ஆறாகவே வாழ்வதற்கு அதில் ஓடவேண்டிய நீரின் அளவு, காலம், தன்மை ஆகியவற்றைச் 'சுற்றுச்சூழல் நீரோட்டம்' என்பர். இதனைக் கணக்கிட நீண்ட கால நீரோட்டப் பதிவுகள் தேவை. அப்பதிவுகள் நெடுங்காலம் அரசுகளின் கைகளிலும் வழக்கு ஆவணங்களிலுமே இருந்தன. 2000க்குப் பின் உலகளாவிய தரவுகள் பொதுவில் கிடைக்கத் தொடங்கியதும் இந்நிலை மாறியது. இம்மாற்றம் காவிரியைப் பற்றிய நம் அறிவை எவ்வாறு விரிவாக்கியது, அதன் எல்லை எது என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்கீட்டுக் கணக்கின் வரலாறு

காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் வடிநிலம் 81,155 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. குடகு மலையில் தோன்றி, தென்மேற்குப் பருவமழையால் பெருகி, வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கழிமுகச் சமவெளியில் கிளை பிரிந்து கடலை அடைகிறது. ஓரிடத்து மழை மற்றோரிடத்து வயலை வளர்க்கும் இவ்வமைப்பே அதன் அரசியலுக்கும் அடிப்படை எனலாம்.

எழுத்து வடிவிலான பங்கீட்டு வரலாறு 1892ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசும் மைசூர் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து தொடங்குகிறது. சென்னை அரசின் முன் ஒப்புதலின்றி மைசூர் புதிய பாசனப் பணிகளை மேற்கொள்ளலாகாது என்று அது எல்லை வகுத்தது. அடுத்து, 1924ஆம் ஆண்டு உடன்படிக்கை கிருஷ்ணராஜசாகர் அணையில் நீரைத் தேக்குவதற்கான விதிகளை வகுத்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கேயுள்ள மேலணையில், அதாவது முக்கொம்பில், ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட அளவுக்கேனும் நீர் வந்த பின்னரே மேலே தேக்கலாம் என்பது அவ்விதிகளின் சாரம்.

இவ்விதி ஆராயத்தக்கது. 'குறைந்தபட்ச நீரோட்டம்' என்னும் கருத்து காவிரிக்குப் புதியதன்று என்பதை இது காட்டுகிறது. ஆயினும் அக்குறைந்தபட்சம் எதற்காக வகுக்கப்பட்டது என்று கேட்கும்போது வேறுபாடு புலனாகிறது. தஞ்சைப் பகுதியின் வாய்க்கால்களுக்கு நீர் ஏறவேண்டும் என்பதே அதன் குறிக்கோள். மீன்வளமோ, வண்டலோ, கழிமுகத்தின் உவர்ப்போ அக்கணக்கில் இடம்பெறவில்லை. ஆறு அங்கே பாசனத்தின் தலைவாய்க்காலாகவே கருதப்பட்டது.

இப்பார்வை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1972ஆம் ஆண்டின் காவிரி உண்மை அறியும் குழு நீர்ப் பயன்பாட்டைத் தொகுத்தபோது தமிழ்நாடு 489, கர்நாடகம் 177, கேரளம் 5 டி.எம்.சி. எனக் கணக்கிட்டது. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) மாநிலங்களின் பயன்பாடே அக்கணக்கின் பொருள். ஆற்றுக்கென ஒரு பத்தி அதில் இல்லை.

1990 சூன் 2ஆம் நாள் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5ஆம் நாள் தன் இறுதித் தீர்ப்பை வழங்கியது. கீழணையில் கணக்கிடப்பட்ட மொத்த நீர் 740 டி.எம்.சி. இது இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டேனும் கிடைக்கும் என்னும் 50 விழுக்காட்டு உறுதிப்பாட்டில் அமைந்த அளவாகும். அதில் தமிழ்நாட்டிற்கு 419, கர்நாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 14 டி.எம்.சி.யில் 10 சுற்றுச்சூழல் பாதுகாப்பிற்கும், 4 தவிர்க்க இயலாமல் கடலுக்குச் சென்றுவிடும் நீருக்கும் உரியவை. காவிரிப் பங்கீட்டில் ஆற்றின் பெயரால் ஒரு தொகை இவ்வாறே இடம்பெற்றது.

இங்கே சொல்லாட்சியையும் நோக்குதல் வேண்டும். கடலுக்குச் செல்லும் நீர் 'தவிர்க்க இயலாத' இழப்பாகவே குறிக்கப்பட்டுள்ளது. கடலில் வீணாகக் கலக்கிறது என்னும் வழக்குத் தொடரின் சட்ட வடிவம் இது எனலாம். ஆறு கடலைச் சேர்வது அதன் இயல்பு என்னும் எண்ணத்திற்கும் இக்கணக்கிற்கும் இடைவெளி பெரிது.

சுற்றுச்சூழல் நீரோட்டம் என்னும் கருத்து

இதே காலத்தில் வேறு நாடுகளில் வேறொரு சிந்தனை வளர்ந்து வந்தது. அமெரிக்க மீன்வள அறிஞர் டெனன்ட் 1976இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் தொடக்கக் கற்களுள் ஒன்று. மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா மாநிலங்களின் 11 ஓடைகளை ஆராய்ந்து, ஆண்டுச் சராசரி நீரோட்டத்தில் 10 விழுக்காடு உயிரினங்கள் குறுகிய காலம் பிழைத்திருக்க உதவும் என்றும், 30 விழுக்காடு நல்ல வாழ்நிலையைக் காக்கும் என்றும், 60 விழுக்காடு மிகச் சிறந்த நிலையைத் தரும் என்றும் அவர் வகுத்தார். எளிமையே இம்முறையின் வலிமை. அதுவே அதன் குறையுமாகும். குளிர்நாட்டு ஓடைகளில் பெற்ற விகிதம் பருவமழை ஆறுகளுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

1990களில் அறிஞர்களின் கவனம் ஒரே அளவிலிருந்து நீரோட்டத்தின் ஏற்றத்தாழ்வுக்குத் திரும்பியது. வெள்ளம் வண்டலைக் கொணர்கிறது. மீன்களை முட்டையிடத் தூண்டுகிறது. கரைக்காடுகளுக்கு விதைகளைச் சேர்க்கிறது. வறட்சிக் காலத்துச் சிற்றோட்டம் மடுக்களில் உயிர்களைக் காக்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் ஒரே சீராக விடப்படும் நீர் ஆற்றைக் காப்பதாகாது என்பது தெளிவாயிற்று. தென்னாப்பிரிக்கா 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தில் மக்களின் அடிப்படைத் தேவைக்கும் ஆற்றின் சூழலுக்கும் உரிய நீரை 'ஒதுக்கிருப்பு' எனப் பிற பயன்பாடுகளுக்கு முன்னதாக வைத்தது. 2003இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 44 நாடுகளில் 207 கணக்கீட்டு முறைகள் இருந்ததைக் காட்டியது. 2007 செப்டம்பரில் வெளியான பிரிஸ்பேன் பிரகடனம் ஆற்றின் உயிர்ச்சூழலோடு அதனை நம்பி வாழும் மக்களின் வாழ்வாதாரத்தையும் இக்கருத்தின் வரையறைக்குள் கொணர்ந்தது. காவிரித் தீர்ப்பு வெளிவந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

உலகப் பொதுத் தரவுகளின் வருகை

முறைகள் இருந்தும் தரவுகள் இல்லையெனில் கணக்கிட இயலாது. உலக ஆறுகளின் அளவுப் பதிவுகளைத் திரட்டும் பொருட்டு 1988இல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் உலக நீரோட்டத் தரவு மையம் நிறுவப்பட்டது. நாடுகள் தாமாக வழங்கும் பதிவுகளையே அது பேணுவதால் வழங்காத நாடுகளின் ஆறுகள் அதில் வெற்றிடமாகவே நின்றன. இந்தியாவில் கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா ஆகிய ஆறுகளின் பதிவுகள் அண்டை நாட்டு உறவைக் கருதிக் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டன. தென்னாட்டு ஆறுகளின் பதிவுகளைப் பெறுவதும் 2000களின் தொடக்கத்தில் எளிதாக இல்லை.

இவ்வெற்றிடத்தை நிரப்ப உருவகக் கணிப்புகள் முன்வந்தன. மழை, வெப்பம், மண், தாவரம் ஆகியவற்றின் உலகத் தரவுகளைக் கொண்டு, அளவுகோல் நடப்படாத ஆற்றிலும் எவ்வளவு நீர் ஓடியிருக்கும் என்று கணினி வழியே மதிப்பிடுவது இம்முறை. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தின் அறிஞர் விளாதிமிர் சுமாக்தின், கார்மென் ரெவெங்கா, பெட்ரா டோல் ஆகியோருடன் இணைந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்புமுனை. புவிப்பரப்பை அரைப்பாகை அளவுள்ள கட்டங்களாகப் பகுத்து அவர்கள் உலக வடிநிலங்கள் அனைத்தையும் மதிப்பிட்டனர். வடிநிலத்திற்கேற்ப ஆண்டுச் சராசரி நீரோட்டத்தில் ஏறத்தாழ 20 முதல் 50 விழுக்காடு வரை ஆற்றுச் சூழலுக்குத் தேவை என்பது அவர்கள் கண்ட முடிவாகும்.

அதனைத் தொடர்ந்து 2006இல் சுமாக்தினும் அன்புதாசும் இந்திய வடிநிலங்களுக்கென ஓர் ஆய்வறிக்கையை அந்நிறுவனத்தின் வழி வெளியிட்டனர். காவிரியும் அதில் இடம்பெற்றது. அவர்கள் கையாண்ட முறையைச் சுருக்கமாகக் கூறலாம். ஓர் ஆற்றில் எந்த அளவு நீர் எத்தனை விழுக்காடு காலம் ஓடியது என்பதை வளைகோடாக வரைதல் முதற்படி. அவ்வளைகோட்டில் 17 புள்ளிகள் குறிக்கப்படும். ஆற்றை ஏறத்தாழ இயற்கை நிலையில் வைத்தல் முதல் பெரிதும் சிதைந்த நிலையில் விடுதல் வரை ஆறு மேலாண்மை வகைகள் உண்டு. ஒரு வகை கீழிறங்கும்போதெல்லாம் வளைகோடு ஒரு புள்ளி இடப்புறம் நகர்த்தப்படும். இதனால் மொத்த நீர் குறையும். ஆனால் வெள்ளமும் வறட்சியும் மாறிவரும் ஒழுங்கு ஓரளவு காக்கப்படும். எந்த வகை வேண்டும் என்பதை அறிவியல் முடிவு செய்வதில்லை. அது சமுதாயம் எடுக்கவேண்டிய முடிவாகும்.

பின்னர் இம்முறை கணினி மென்பொருளாகவும் பொதுவில் வழங்கப்பட்டது. 2008 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் பழைய படங்கள் கட்டணமின்றிக் கிடைத்தன. ஐரோப்பியரின் உலக வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு 1979 முதலான அன்றாட நீரோட்டக் கணிப்புகளைப் பொதுவில் வைத்துள்ளது. 2023இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் கட்டத்தின் அளவு 0.05 பாகை, அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர் அளவாகச் சுருங்கியது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற வளர்ச்சி இலக்குகளில் ஒரு நாட்டின் நீர் நெருக்கடியைக் கணக்கிடும்போது சுற்றுச்சூழல் நீரோட்டத்தை முதலில் கழித்துவிட வேண்டும் என்னும் விதியும் இடம்பெற்றது. கோலாலம்பூரில் இருக்கும் மாணவர் ஒருவரும் இன்று காவிரியின் நீரோட்டக் கணிப்பைத் தாமே தரவிறக்கி ஆராயலாம்.

காவிரிக்குப் பொருத்திப் பார்த்தல்

இவ்வளவுகோல்களைத் தீர்ப்பின் எண்களோடு ஒப்பிடுவோம். 740 டி.எம்.சி.யில் 10 என்பது ஏறத்தாழ 1.35 விழுக்காடு. கடலுக்குச் செல்லும் 4 டி.எம்.சி.யையும் சேர்த்தால் 1.9 விழுக்காடு. டெனன்ட் கூறிய பிழைத்திருக்கும் எல்லையான 10 விழுக்காட்டுக்கு 74 டி.எம்.சி. தேவை. 2004ஆம் ஆண்டு உலக ஆய்வின் 20 விழுக்காட்டுக்கு 148 டி.எம்.சி.; 50 விழுக்காட்டுக்கு 370 டி.எம்.சி. தேவை. சராசரி நீரோட்டமும் 50 விழுக்காட்டு உறுதிப்பாட்டு நீரும் ஒன்றல்ல என்பதால் இவை தோராயமான ஒப்பீடுகளே. எனினும் இடைவெளியின் அளவை உணர்த்த இவை போதும்.

இவ்வொப்பீட்டை நேர்மையாகச் செய்ய வேண்டுமாயின் ஒன்றைச் சேர்த்துக் கூறுதல் வேண்டும். தமிழ்நாட்டின் பங்காக வரும் நீரும் ஆற்றின் வழியேதான் வருகிறது. ஆகவே மேட்டூர் வரையிலும், பாசனக் காலத்தில் முக்கொம்பு, கல்லணை வரையிலும் ஆறு அந்நீரால் பயனடைகிறது. குறை பெரிதும் உணரப்படும் இடம் கடைசி மதகுக்குக் கீழே. குறை பெரிதும் உணரப்படும் காலம் பாசனம் நின்ற பின் வரும் கோடை.

தீர்ப்பின் மாதவாரி அட்டவணை இதனை விளக்குகிறது. தமிழ்நாட்டு எல்லையில் கர்நாடகம் உறுதி செய்யவேண்டிய 192 டி.எம்.சி.யில் ஆகஸ்டு மாதத்திற்கு 50 டி.எம்.சி.; பிப்ரவரி முதல் மே வரை மாதத்திற்கு 2.5 டி.எம்.சி. மட்டுமே. இந்நான்கு மாதத் தொகையும் சுற்றுச்சூழல் ஒதுக்கீடும் ஒரே அளவின. மாதம் 2.5 டி.எம்.சி. என்பது நொடிக்கு ஏறத்தாழ 965 கன அடி. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. உயர்த்தி, எல்லையில் தரவேண்டிய நீரை 177.25ஆகக் குறைத்தபோதும் இக்கோடைத் தொகை குறைக்கப்படவில்லை. இது போற்றத்தக்கதே. ஆனால் இந்நீர் அளக்கப்படும் இடம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலு. அதனைக் கடந்த சிறிது தொலைவில் 93.47 டி.எம்.சி. கொள்ளளவுடைய மேட்டூர் நீர்த்தேக்கம் அதனை ஏற்றுக்கொள்கிறது. ஆற்றின் பங்கு கடைசியில் கழிமுகத்தை அடைந்ததா என்பதை எல்லையில் நிற்கும் அளவுகோல் சொல்லாது.

2018 அக்டோபரில் இந்திய அரசு மேல் கங்கைக்கு வெளியிட்ட அறிவிக்கை இதற்கு மாறான அணுகுமுறையுடையது. நிலையான ஒரு தொகையைக் குறிக்காமல், அணைகளுக்கு வரும் நீரோட்டத்தில் நவம்பர் முதல் மார்ச்சு வரை 20 விழுக்காடும், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 விழுக்காடும், சூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடும் கீழே விடப்படவேண்டும் என அது பணித்தது. நீரோட்டப் பதிவுகள் கட்டுப்பாட்டில் உள்ள ஆற்றுக்கு விழுக்காட்டு விதியும், வழக்காடி வழக்காடி ஒவ்வொரு டி.எம்.சி.யும் எண்ணப்பட்ட ஆற்றுக்கு நிலையான சிறு தொகையும் கிடைத்தமை வரலாற்றின் முரண் எனலாம். பங்கீட்டுக் கணக்கில் பின்னர் வந்து சேர்ந்த உறுப்பினர்க்கு எஞ்சியதே கிடைக்கும். காவிரியில் அவ்வுறுப்பினர் ஆறே.

கட்டங்களுக்குள் அடங்காதவை

ஆயினும் உலகத் தரவுகளை மறுப்பின்றி ஏற்பதும் ஆய்வாகாது. அரைப்பாகைக் கட்டம் இவ்வட்சரேகையில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் பக்கமுடையது. காவிரி வடிநிலம் முழுவதும் அத்தகைய 27 கட்டங்களுக்குள் அடங்கிவிடும். குடகின் மழைச் சரிவும் மைசூர்ச் சமவெளியின் மழை மறைவுப் பகுதியும் அடுத்தடுத்த கட்டங்களிலோ ஒரே கட்டத்திலோ வந்துவிடக்கூடும்.

இதனினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. இத்தகைய உருவகங்கள் பலவற்றில் ஒரு கட்டத்து நீர் அடுத்துள்ள ஒரே ஒரு கட்டத்திற்குச் செல்வதாகவே கொள்ளப்படும். கிளைகள் சேர்ந்து ஆறாவதை அவை காட்டும். ஆறு கிளைகளாகப் பிரிவதைக் காட்டா. காவிரிச் சமவெளியோ பிரிவினால் ஆனது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அதன் பின் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என ஆறுகள் விசிறி போல் விரிகின்றன. எந்தக் கிளையில் எவ்வளவு நீர் என்பதை மழையும் சரிவும் மட்டும் முடிவு செய்வதில்லை. மதகும் முறைப்பாசன மரபும் முடிவு செய்கின்றன. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வரும் நன்னீரை உலகக் கட்டங்களைக் கொண்டு மட்டும் அறிய முயல்வது இதனால் பயன் தராது.

'இயற்கை நீரோட்டம்' என்னும் அளவுகோலும் காவிரியில் சிக்கலுக்குரியது. மனிதக் கை படாத ஆற்றைக் கணினியில் உருவகித்து, அதிலிருந்து எவ்வளவு குறைந்துள்ளது என்று காண்பதே இம்முறைகளின் வழி. ஆனால் கல்லணையை மரபு கரிகால் சோழனோடு இணைக்கிறது. 1836இல் ஆர்தர் காட்டன் மேற்பார்வையில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. ஏரியும் வாய்க்காலும் வயலும் இங்கே ஆற்றின் சூழலிலிருந்து வேறானவை அல்ல. அவற்றை நம்பிப் பறவையும் மீனும் மனிதரும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்துள்ளனர். எனவே எந்தக் காலத்துக் காவிரியை அளவுகோலாகக் கொள்வது என்பது நீரியல் வினா மட்டுமன்று, வரலாற்று வினாவுமாகும்.

இதனால் மனிதக் கை பட்ட ஆற்றுக்கு உரிமை இல்லை என்றாகாது. மாற்றங்களின் வேகமும் அளவும் வேறு. பழைய அணைகள் நீரைத் திருப்பின. 20ஆம் நூற்றாண்டின் அணைகள் வெள்ளத்தையும் வண்டலையும் தேக்கின. காவிரிக்கே உரிய பெருங்கெண்டை வகையான திமில் கெண்டையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் மிக அருகிய உயிரினமாக அறிவித்தது. அணைகள் அதற்கு ஒரே காரணம் அல்ல எனினும், நீரோட்ட மாற்றம் காரணங்களுள் ஒன்றென்பது உணரத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவதாக, காவிரிக் கணக்கில் ஆற்றுக்கு இடமில்லாமற் போனதற்குத் தரவுக் குறைவு மட்டும் காரணமன்று. கணக்கு வைத்தவர் அனைவரும் பங்கு கேட்டவர்களாக இருந்தனர். இரண்டாவதாக, உலகப் பொதுத் தரவுகளின் சிறப்பு அவற்றின் துல்லியத்தில் இல்லை. வழக்கில் எப்பக்கமும் சாராத ஒருவர் கேள்வி எழுப்ப அவை வாய்ப்பளித்தன என்பதே அவற்றின் வரலாற்றுப் பங்களிப்பு. 1.35 விழுக்காடு போதுமா என்று கேட்க அவை போதும். எவ்வளவு வேண்டும் என்று உறுதியாகக் கூற அவை போதா.

மூன்றாவதாக, அவ்விடைக்கு உள்ளூர்ச் சான்றுகள் இன்றியமையாதன. மேலணை, கீழணைப் பதிவேடுகள், பாசன முறை பற்றிய மாவட்ட ஆவணங்கள், கல்வெட்டுகள் கூறும் குமிழி, மதகு, நீர்முறைச் செய்திகள், கடைமடை உழவரும் கழிமுக மீனவரும் நினைவில் வைத்துள்ள வெள்ள ஆண்டுகள் ஆகியவற்றை உலகக் கணிப்புகளோடு இணைத்துப் பார்த்தால், எந்தக் கிளையில் எந்தப் பருவத்தில் ஆற்றுக்கு நீர் வேண்டும் என்பதைக் கூறமுடியும். இப்பணியில் நீரியலார்க்கு இணையாக வரலாற்று ஆய்வாளர்க்கும் தமிழறிஞர்க்கும் இடமுண்டு.

2018 சூன் முதல் காவிரி மேலாண்மை ஆணையம் இயங்கி வருகிறது. அதன் கூட்டங்களில் நான்கு அரசுகளின் சார்பாளர்கள் அமர்கின்றனர். ஐந்தாவது பங்காளியான ஆற்றுக்கு அங்கே சார்பாளர் இல்லை. பூம்புகாருக்குக் கோடையில் எவ்வளவு நீர் வந்து சேர்ந்தது என்னும் எண்ணும் எல்லையில் அளக்கப்படும் எண்ணோடு ஆண்டுதோறும் பொதுவில் வைக்கப்படுமாயின், அதுவே ஆற்றின் சார்பில் அளிக்கப்படும் முதல் சாட்சியமாக அமையும்.